உன் தாடியைப் பற்றி

தம்பி,

நீ அனுப்பிய படத்தைக் காலையிலிருந்து நான்கைந்து முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். வெள்ளை உடுப்பு, மஞ்சள் பூட்ஸ், கழுத்தில் தொங்கும் மாஸ்க், பின்னால் தோண்டிப் போட்ட செம்மண். "மொத நாள் மா" என்று எழுதி, கூடவே ஒரு சிரிப்பு முகம். வேறு அம்மாக்களுக்கு இப்படி ஒரு படம் வந்தால் பிள்ளை இளைத்திருக்கிறானா, நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்று பார்ப்பார்கள். நான் பார்த்தது அந்த மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு உன் முகத்தில் எங்கே வந்து உட்காரும் என்பதைத்தான். மூக்கின் மேல் தொடங்கி, இரண்டு கன்னத்திலும் இறங்கி, தாடைக்குக் கீழே போய்ச் சேர வேண்டும். அது உட்கார வேண்டிய இடமெல்லாம் தாடி. தர்ஷினி உண்டானது தெரிந்த நாளிலிருந்து, பிள்ளை பிறக்கும்வரை எடுக்கக் கூடாது என்று நீ வளர்க்கும் ஐந்து மாதத் தாடி.

இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். போனில் சொன்னால் "சரி மா, சரி மா" என்பாய். அதனால்தான் ஊர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் மாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர், அவரும் படிக்கட்டும். என் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் வந்து உட்காரும் ஆட்களின் மனைவிமார் யாராவது படித்தால் அதுவும் நல்லது. அலுவலகத்தில் யாராவது படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு விசாரித்தால், விசாரிக்கட்டும். இருபத்தைந்து வருடம் பிந்தி வரும் விசாரணை அது.

வளைகாப்பு அன்று உன் மாமியார் வீட்டின் முன் போட்ட கூடாரத்தில் எல்லாருடைய கேலியும் உன் தாடியின் மேல்தான் இருந்தது. தர்ஷினியின் அண்ணன், "மாப்ள, இது தாடியா தேங்கா நாரா? உள்ள ஏதாச்சும் கூடு கட்டியிருக்கான்னு பாரு லா" என்றான். நீ தாடியைத் தடவிக்கொண்டு, "ரெண்டு குருவி இருக்கு மச்சான், தூங்குது, சத்தம் போடாதீங்க" என்றாய். அவளுடைய பெரியம்மா உன் கன்னத்தைப் பிடித்து, "கத்திரி கிட்டக்க போகக் கூடாது, சொல்லிட்டேன். புள்ள பொறக்குற வரைக்கும் இது எங்க சொத்து" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகுதான் நீ சாப்பாட்டுத் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றாய்.

"மா, வேலை கெடச்சிருச்சி. ஜொகூர்ல. ஆறு மாசம் கான்ட்ராக்ட்."

"என்ன வேலை?"

"உங்க வேலைதான் மா."

பாயான் லெப்பாசில் உன் தொழிற்சாலை ஆள் குறைத்ததிலிருந்து நீ வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில், எந்த வேலையாவது கிடைக்கட்டும் என்று நான் வேண்டாத கோயில் இல்லை. எந்த வேலை வேண்டாம் என்று சொல்லி வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. நீ சாம்பாரைப் பிசைந்துகொண்டே விவரம் சொன்னாய். மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் நிலம். எப்போதோ யாரோ புதைத்துவிட்டுப் போன கழிவுப் பீப்பாய்கள். அவற்றைத் தோண்டி எடுத்து, எதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து, புதுப் பீப்பாய்க்கு மாற்றி, லாரியில் ஏற்றும் குழு. "ரெண்டு நாள் சேப்டி ட்ரெய்னிங் குடுக்குறாங்களாம். பயப்படாதீங்க லா. நான் யாரு புள்ள?" என்று கேட்டுவிட்டு அப்பளம் எடுக்கப் போய்விட்டாய். நீ யார் பிள்ளை என்பதை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் அந்தப் பயிற்சியைப் பற்றி. அதே பயிற்சியை இங்கே கொடுப்பவள் நான் என்பதால், அதை நம்பி நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போயிருக்கிறாய் என்பதால், சொல்ல வேண்டியிருக்கிறது. புக்கிட் தெங்காவில் எங்கள் ரசாயனக் கழிவுக் கம்பெனியின் மாடி அறையில் இருபது நாற்காலி, ஒரு புரொஜெக்டர், பின்மேசையில் ஒரு தட்டு கறிபாப் பலகாரம். படங்களுக்குக் கீழே எழுதியிருப்பது மலாயும் ஆங்கிலமும். உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். என் மலாயை மரியாதைக்காகக் கேட்டுக்கொள்வார்கள். நான் முழு நாளுக்குத் தயார் செய்துகொண்டு போவேன். பத்தரை மணிக்கு சூப்பர்வைசர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டுவார். "அக்கா, பதினொண்ணுக்குள்ள முடிச்சிருங்க. லாரி ரெண்டு வந்து நிக்குது." இன்னும் ஆசிட் பாடத்தையே ஆரம்பிக்கவில்லை என்பேன். "அத எடத்துல கத்துக்குவாங்க அக்கா. ஆசிட்டே சொல்லிக் குடுத்துரும்" என்பார். கெட்ட மனிதர் இல்லை. எல்லாரையும் சிரிக்க வைக்க அப்படிச் சொல்வார். கடைசியில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு உண்டு. சரியான விடையை நானே குரலை அழுத்தி வாசிப்பேன். அவர்கள் வட்டம் போடுவார்கள். தேறாதவர் யாரும் கிடையாது. பிறகு வருகைத் தாளில் கையெழுத்து. அந்தத் தாள் கோப்புக்குள் போகும். கறிபாப் தட்டு காலியாகும். ஆட்கள் கீழே இறங்கி, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு மனிதனை முடித்துவிடக் கூடிய சாமான்களுக்கு நடுவே நிற்பார்கள்.

அந்த நாளில் உண்மையான சோதனை ஒன்றே ஒன்றுதான். ஃபிட் டெஸ்ட். உனக்கும் எடுத்திருப்பார்கள். மாஸ்க் போட்டவனின் தலைக்கு மேல் ஒரு வெள்ளைக் கூட்டைக் கவிழ்ப்போம். முன்பக்கம் மட்டும் கண்ணாடி போல் பிளாஸ்டிக். அதில் உள்ள சிறு துளை வழியாகக் கசப்பு மருந்து ஒன்றைப் பீய்ச்சுவோம். தலையை இடம் வலம் திருப்பு, மேலே கீழே பார், குனிந்து நிமிர், சத்தமாகப் பேசு என்போம். மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருந்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. எங்காவது ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் நாக்கு கசந்துவிடும். கசக்குதா என்று கேட்போம். அவன் சொல்வதைத்தான் எழுத முடியும். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. அவன் நாக்கும் அவன் நேர்மையும்தான் கருவி. தாடி வைத்தவனுக்கு அந்தச் சோதனையே எடுக்கக் கூடாது என்பது விதி. முளைத்து ஒரு நாள் ஆன முள் தாடிகூட ரப்பரை முகத்திலிருந்து தூக்கிவிடும்.

உன் அப்பாவை நான் சந்தித்தது அந்த அறையில்தான். பல்கலைக்கழகத்தில் வேதியியல் முடித்துவிட்டு வந்து நான் எடுத்த முதல் வகுப்பு. பீப்பாய்க் கிடங்கின் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி உண்டா என்று கேட்டேன். கடைசி வரிசையில் ஒருவர் கையைத் தூக்கி, "டீச்சர், மாஸ்க் போட்டிருக்கும்போது தும்மல் வந்தா என்னா செய்யறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கோபத்தை அடக்கிக்கொண்டு, வெளியே வந்து தும்மிவிட்டு முகத்தைத் துடைத்து மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும் என்று விளக்கினேன். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த வகுப்பில் எழுதிக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். மற்றவர்கள் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டார்கள். அவர் கேலியாகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

உனக்கு முன்னால் ஒரு பிள்ளை உண்டாகியிருந்தது. இதை நீ எங்கேயோ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். அந்தத் தடவை உன் அப்பா தாடி வளர்க்கத் தொடங்கியபோது நான்தான் எடுக்கச் சொன்னேன். அரையாண்டு ஃபிட் டெஸ்ட் வருகிறது, வகுப்பெடுப்பவளின் புருஷனே தாடியோடு வந்து நின்றால் நான் எப்படி மற்றவர்களைக் கேட்பது என்றேன். முடிக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம், நான் படித்தவள் என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டு வந்தார். நான்காம் மாதம் அந்தப் பிள்ளை தங்கவில்லை. டாக்டர் காரணம் சொன்னார். அதற்கும் சவரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது அன்றைக்கும் எனக்குத் தெரியும், இன்றைக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த உன் அத்தை கட்டிலருகே நின்று, "படிச்சவங்க பேச்சக் கேட்டா இப்பிடித்தான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பதில் எல்லாம் என்னிடம் இருந்தது, சொல்லத்தான் வரவில்லை.

அடுத்த வருடம் நீ என் வயிற்றில் வந்தாய். உன் அப்பா மறுபடி தாடி வளர்த்தார். கண்ணாடி முன்னால் நின்று, "டீச்சர், இந்தத் தடவ என்னா சொல்றீங்க?" என்று கேட்டார். நான் சட்டையை மடித்துக்கொண்டே, "உங்க இஷ்டம்" என்றேன். அந்த இரண்டு வார்த்தைக்குள் நான் படித்ததெல்லாம் போய்விட்டது. எடுத்துவிடுங்கள் என்று சொல்லி, மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்துக்கு முன்னால் பீப்பாய்க் கிடங்கு எங்கோ தூரத்தில் இருந்தது. உன் அசைவு வயிற்றில் தெரியத் தொடங்கியிருந்தது.

அரையாண்டுச் சோதனை வந்தது. அன்று வரிசையில் பதினாறு பேர். அவர் வேண்டுமென்றே கடைசி ஆளாக நின்றார். மற்றவர்கள் போன பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நானே வாரை இறுக்கிவிட்டேன். கூட்டைக் கவிழ்த்து, மருந்தைப் பீய்ச்சினேன். பிளாஸ்டிக்குக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தது. இரண்டாவது தடவை பீய்ச்சியபோது அவர் கண் ஓரம் சுருங்கியது, தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. ஆயிரம் பேரின் தொண்டையை அப்படிப் பார்த்தவள் நான். கசந்ததை விழுங்கும் தொண்டை எனக்குத் தெரியாதா?

"கசக்குதா?"

"இல்ல டீச்சர்."

"நல்லா மூச்சு இழுங்க. இப்ப?"

"ஒண்ணும் தெரியல."

தாளில் தேர்ச்சி என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அன்றைக்கு அழகாக விழுந்திருந்தது. பிறகு அதைப் பல முறை பார்க்க வேண்டிவந்ததால் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் பட்டர்வொர்த் படகுத்துறையில் அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் கரும்புச் சாறு வாங்கினார். பெர்ரியின் மேல்தட்டில் காற்று வரும் பக்கமாக உட்கார்ந்தோம். முதல் மடக்கை வாய்க்குள் வைத்துக் கொப்பளித்து விழுங்கிவிட்டு, "அப்பாடா. என்னா மருந்து லா அது. காது வரைக்கும் கசந்துச்சி" என்றார். "அப்ப ஏன் இல்லன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். "நீங்க ஏன் மறுபடி கேக்கல?" என்றார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். தம்பி, இதுதான் எனக்கு மிகக் கஷ்டமான இடம். விபத்து நடந்த நாளைக்கூட நான் யாரிடமாவது சொல்லிவிடுவேன். நாங்கள் சிரித்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஏதோ பள்ளிக்கூடத்தில் வாத்தியாரை ஏமாற்றிய பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். அவர் பையை என்னிடம் நீட்டினார். அதே ஸ்ட்ராவில் நானும் குடித்தேன்.

நீ பிறக்க ஆறு வாரம் இருக்கும்போது கிடங்கில் ஒரு பீப்பாயைத் திறந்தார்கள். மேலே ஒட்டியிருந்த தாளில் ஏதோ சோப்புக் கரைசல் என்று இருந்தது. உள்ளே இருந்தது அமிலம். மூடி தளர்ந்ததும் புகை கிளம்பி, உன் அப்பாவோடு சேர்த்து மூன்று பேர் முகத்திலும் அடித்தது. மூன்று பேரும் மாஸ்க் போட்டிருந்தார்கள், வார் இறுக்கியிருந்தார்கள், நான் சொல்லிக்கொடுத்தபடி பின்வாங்கி வெளியே ஓடிவந்தார்கள். கூட இருந்த நேபாளத்துக்காரர் இரண்டு பேரும் வழவழவென்று சவரம் செய்த முகக்காரர்கள். இரண்டு நாள் இருமிவிட்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார்கள். உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் கட்டிலருகே நின்றேன். ஆக்சிஜன் மாஸ்க் அவர் முகத்தில் ஒட்டாமல் ஓரத்தில் காற்று சீறிக்கொண்டிருந்தது. சின்ன வயசு நர்ஸ், தமிழ்ப் பெண், ஒரு துண்டையும் கத்திரியையும் ரேசரையும் எடுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தாடிய எடுத்தாத்தான் மாஸ்க் ஒக்காரும்" என்றாள். யாரையும் கேட்கவில்லை. பிள்ளை பிறக்கட்டும் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நான் செய்யாமல் விட்ட வேலையை அவள் ஐந்து நிமிடத்தில் செய்து முடித்தாள். துண்டில் விழுந்த முடியை மடித்துக் குப்பையில் போட்டாள். சீறல் நின்றது.

ஆறு வாரம் கழித்து நீ பிறந்தாய். மூன்றரைக் கிலோ. வார்டு முழுக்கக் கேட்கிற அழுகை. உன் மாமியார் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும். நீ பிறப்பதற்கு முன்பே உன் அப்பாவின் தாடி போய்விட்டது; உனக்கு ஒரு நகம்கூடக் குறையவில்லை. உன்னை அவர் மடியில் வைத்தபோது, உன்னைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்க மட்டும் அவருக்கு மூச்சு போதவில்லை.

விசாரணை நடந்தது. கம்பெனி ஆட்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கோப்பைத் திறந்தார்கள். பயிற்சி பெற்றவர், மாஸ்க் சோதனையில் தேறியவர், இதோ பயிற்சி அலுவலரின் கையெழுத்து. பீப்பாயில் தவறான தாள் ஒட்டியது அனுப்பியவர்களின் குற்றம். அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மேலாளர் என்னைப் பார்த்து, "இந்த ரெக்கார்ட் சரிதானே?" என்று கேட்டார். நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று இல்லை. என் வேலை போயிருக்கும், உன் அப்பா பொய் சொன்னார் என்று ஆகியிருக்கும், கைக்குழந்தையோடு நாங்கள் தெருவில் நின்றிருப்போம். சரிதான் என்று தலையாட்டினேன். அந்தத் தாள் யாரைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

உனக்கு நினைவிருக்கும் அப்பா, நம் ஜெலுத்தோங் பிளாட்டில் லிப்ட் நிற்காத மாடிக்குப் படியேறும்போது இரண்டு தடவை நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ரோட்டில் போகிற கார்களின் நிறத்தை உன்னிடம் கேட்கிற அப்பா. அது விளையாட்டு என்று நீ நினைத்தாய். செவப்பு, வெள்ளை, செவப்பு என்று சொல்லிக்கொண்டே இருப்பாய், அவருக்கு மூச்சு திரும்பும்வரை. உனக்குப் பதினான்கு வயதில் அவர் போனபோது, சிகரெட்தான் காரணம் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். வாலிபத்தில் பிடித்து, என்னைக் கட்டுவதற்கு முன்பே விட்டுவிட்ட சிகரெட். நீ அதை நம்பினாய். பள்ளியில் சிகரெட்டுக்கு எதிராகக் கட்டுரை எழுதிப் பரிசுகூட வாங்கினாய். அந்தப் பரிசைக் கண்ணாடி அலமாரியில் வைத்தவள் நான்.

அதற்குப் பிறகாவது நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். இரண்டு வருடம் மிகக் கண்டிப்பாக இருந்தேன். தைப்பூச விரதத் தாடி, மனைவிக்காக வளர்க்கும் தாடி, மார்க்கத்துக்காக வைத்த தாடி, அழகுக்கு வைத்த தாடி எதையும் விடவில்லை. தேர்ச்சி இல்லை என்று எழுதினேன். பிறகுதான் கவனித்தேன். நான் திருப்பி அனுப்பியவர்கள் மறுவாரம் வேறொரு ஏஜென்டின் ஆளாக, பயிற்சியும் இல்லாமல், மாஸ்க்கும் இல்லாமல், மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அதே கிடங்கில் நின்றார்கள். ஒருவன் என்னைப் பார்த்துச் சலாம் வைத்தான். அதன் பிறகு, ஒட்டாத மாஸ்க்காவது இருக்கட்டும் என்று தாடிக்காரர்களுக்கும் மறுபடி தேர்ச்சி எழுதத் தொடங்கினேன். கம்பெனி இரண்டு தடவை கைமாறிவிட்டது. அந்த அறையும் அந்தக் கூடும் நானும் அப்படியே இருக்கிறோம்.

அம்மா என்பதால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பீப்பாயில் ஒட்டிய தாளை நம்பாதே. காற்று உன் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில். மாஸ்க்கின் வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்று கேள். பதில் சொல்லத் தயங்கினால் அது மாற்றப்படவில்லை. உள்ளே ஏதாவது வாசனை தெரிந்தால் பழகிவிடும் என்று நிற்காதே, பழகுவது மூக்குதான், நெஞ்சு பழகாது. வேலை உடுப்பை அங்கேயே விட்டுவிட்டு வா. லீவில் வரும்போது தர்ஷினியின் துணியோடு அதைப் போடாதே. கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடு. இதையெல்லாம் எழுதும்போதே எனக்கு என் வகுப்பறைக் குரல் கேட்கிறது. இருபது நாற்காலியும் தலையாட்டுகின்றன. இத்தனை வருடத்தில் நான் சொல்லி ஒருவன்கூடச் சவரம் செய்துகொண்டு மறுநாள் வந்ததில்லை, உன் அப்பாவைத் தவிர. அவர் அந்த ஒரு தடவை என் பேச்சைக் கேட்டார். பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

இன்று மதியம், உன் சாப்பாட்டு நேரம் பார்த்து உனக்குப் போன் செய்தேனே. ஃபிட் டெஸ்ட் எடுத்தார்களா என்று கேட்டேன்.

"எடுத்தாச்சு மா. பாஸ்."

"தாடியோடவா?"

"அந்த ட்ரெய்னர் அண்ணன் ஒண்ணும் சொல்லல மா. அவரும் ரெண்டு புள்ளைக்கு வளத்தவராம். புரிஞ்சிக்கிட்டாரு."

"எடுத்துரு தம்பி. அம்மாவுக்காக எடுத்துரு."

"என்னா மா நீங்க. தர்ஷினி அம்மா டெய்லி வீடியோ கால்ல மொதல்ல தாடியத்தான் பாக்குறாங்க. அப்பறந்தான் என்னயப் பாக்குறாங்க. இன்னும் பத்து வாரந்தானே." நீ சிரித்தாய். பின்னால் மண்வாரி இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நான் அதைக் கேட்டேன். கூட்டுக்குள் இருக்கும்போது கசந்ததா என்று.

நீ வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னாய்.

"கொஞ்சம். எல்லாருக்கும் கொஞ்சம் கசக்குந்தானே மா. வெளிய வந்து ஜில்லுன்னு ஒரு தே அய்ஸ் குடிச்சேன், போயிருச்சி."

உன் அப்பாவுக்கும் போய்விட்டது, தம்பி. பெர்ரி அக்கரை சேர்வதற்குள் போய்விட்டது.

அம்மா